மொட்டை மலைக்குப் போனவன்

தம்பி தூக்கத்திலேயே போய்விட்டான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். படுத்தான், எழவில்லை, வலி எதுவும் இல்லை என்றேன். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அதையே திருப்பிச் சொன்னார். "ஒண்ணும் தெரியாம போயிட்டான் லா. தூக்கத்துலயே போயிட்டான்." அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சாப்பிட்டார், குளித்தார், வேலைக்குப் போனார். அது அவர் கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்பதுதான் அந்த மாதங்களில் எனக்கிருந்த ஒரே கவலை. மற்றபடி எனக்கு எதைப் பற்றியும் அக்கறை இருக்கவில்லை.

நாங்கள் மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர்கள். அப்பா நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தார். இப்போது நாற்றுமேடையில் வேலை செய்கிறார். தம்பி கொழுந்து வெட்டும் மிஷினில் ஒரு பக்கத்தைப் பிடிப்பான். மறுபக்கத்தை ஒரு நேப்பாளத்துப் பையன் பிடிப்பான். நான் தோட்டத்துத் தேநீர்க் கடையில் கல்லாவில் நிற்கிறேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை மலை. வருகிறவர்களில் பாதிப் பேர் "சுவிட்சர்லாந்து மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்கோன் ரொட்டி கேட்பார்கள். சுவிட்சர்லாந்துக்காரன் எவனாவது தன் ஊரைப் பார்த்து கேமரன் மலை மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருப்பானா என்று எனக்கு எரிச்சல் வரும். சிரித்துக்கொண்டே ஸ்கோனை எடுத்து வைப்பேன்.

மலையைப் படம் எடுக்கும் பைத்தியம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. ஈப்போவில் பழைய கேமரா ஒன்று வாங்கினோம். கேமரா ஒன்று, ஆள் இரண்டு என்பதால் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். மேலே ஏறும்போது அது அவன் கழுத்தில், இறங்கும்போது என் கழுத்தில். காலை வெளிச்சமெல்லாம் அவனுக்கே போகிறதே என்று நான் சண்டை பிடித்தேன்.

"இறங்கும்போதுதாங்க்கா மூடுபனி விலகும். நல்ல படமெல்லாம் உனக்குத்தான். நான் பாவம் லா," என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்னே அவன் மோட்டார் சைக்கிளை எடுப்பான். கேமரா முக்காலியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். குனோங் பிரிஞ்சாங் மலைச் சாலை குறுகல். எதிரே கீரை லாரி வந்தால் முக்காலி அடிபடாமல் இருக்க நான் அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். உச்சிக்குப் போய்ச் சேரும்போது விரல்கள் மரத்துப்போயிருக்கும். பள்ளத்தாக்கெல்லாம் வெள்ளையாக நிறைந்திருக்கும். தித்திவாங்சா மலைத்தொடர் வரிசை வரிசையாக அதன்மேல் நிற்கும். கிட்டத்து மலை கறுப்பு, அதற்கடுத்தது நீலம், அப்புறம் சாம்பல். கடைசி வரிசை மலையா வானமா என்று சொல்ல முடியாது. அந்தக் கடைசி வரிசை படத்தில் விழ வேண்டும் என்பதற்காகவே எத்தனையோ ஞாயிறுகளைத் தொலைத்தோம். அகல லென்ஸ் போட்டால் எல்லா மலையும் புற்று அளவுக்குக் குறுகிவிடும் என்பதை நாங்களாகவே பட்டுத் தெரிந்துகொண்டோம். தோட்டத்து மாரியம்மன் கோயில் நாட்காட்டியில் ஒரு வருடம் எங்கள் படம் வந்தது. வருடம் முடிந்த பிறகும் அம்மா அதைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

தம்பிக்கு அது போதவில்லை. மரமே இல்லாத மலையை எடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. மிஷினை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில் எல்லாம் போனில் இமயமலைக் கணவாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். அந்த நேப்பாளத்துப் பையன் அப்புறம் சொன்னான்.

"நம்ம மலையெல்லாம் போர்வ போத்திக்கிட்டு படுத்திருக்குக்கா," என்பான் என்னிடம். "எலும்பு தெரியிற மலைய ஒரு தடவ எடுக்கணும். மொட்ட மலை."

ஈப்போவிலிருந்து படம் எடுக்கிறவர்களை வருடத்துக்கு ஒரு முறை லடாக்குக்குக் கூட்டிப் போகும் அண்ணன் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பேர் கொடுத்தோம். விஷயம் தோட்டம் முழுக்கப் பரவியது. போகும் முன் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "ஒங்களுக்கென்னப்பா, நீங்க மலைக்காரங்க." கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் போடும் மாமா கெட்டிக் கையுறை இரண்டு ஜோடி கொடுத்துவிட்டு, "இதுகூட ஒங்களுக்குத் தேவப்படாது," என்றார். எங்களுக்கும் அந்த நினைப்புத்தான். கீழே தாப்பாவிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் சால்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அவர்கள் எதிரிலேயே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து நிற்போம். பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறோம், மலை நம்மை என்ன செய்யும் என்று நினைத்தோம். குளிர் வேறு, உயரம் வேறு என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் போகவிருந்த கணவாய், எங்கள் மலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் எட்டாத உயரம்.

கூட்டிப் போன அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், கண்டிப்பானவர். விமானம் இறங்கியதும் படுங்கள், தண்ணீர் குடியுங்கள், இரண்டு நாளைக்கு யாரும் வெளியே போகக் கூடாது என்றார். தம்பி முணுமுணுத்தான், ஆனால் படுத்தான். பிறகு ஒவ்வொரு நாள் காலையும் விடுதி வாசலில் எங்களை வரிசையாக நிற்க வைத்து அவர் கேட்பார்.

"யாருக்குத் தலைவலி? யாருக்கு வாந்தி? மறைக்காதீங்க. இருந்தா இன்னைக்கு ஜீப்ல ஏற வேணாம்."

ஈப்போக்காரர்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். தலை வலிக்கிறது, தூக்கமில்லை, மலம் போகவில்லை என்று எல்லாவற்றையும் சொல்வார்கள். தம்பி மட்டும் கைகளை உடம்போடு சேர்த்து நிமிர்ந்து நின்று, "இல்லண்ணே," என்பான். அவன் நின்ற விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பெரட்டில் நிற்பது போலவே நின்றான்.

பெரட்டு என்றால் எங்கள் தோட்டத்தில் காலையில் ஆபீஸ் முன்னால் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது. தோட்டத்துக் கணக்கரான கிராணி பேரைச் சொல்வார், நாம் குரல் கொடுக்க வேண்டும், வேலை பிரித்துக் கொடுப்பார்கள். உடம்பு சரியில்லை என்று அங்கே சொல்லலாம். சொன்னால் கிளினிக்குக்குச் சீட்டுக் கிடைக்கும். கூடவே எல்லாருடைய பார்வையும் கிடைக்கும். எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. குரல் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியது, முடியாவிட்டால் வேலை இடத்துக்குப் போய் முடியாமல் இருந்துகொள்ளலாம். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சோறு தின்னக் கற்றுக்கொண்டது மாதிரி கற்றுக்கொண்டோம். அந்த அண்ணன் கேட்டது ஆளைக் காப்பாற்றுவதற்கான கேள்வி. தம்பியின் காதில் அது பேர் கூப்பிடுவதாகத்தான் விழுந்தது.

கணவாய்க்குப் போன அன்று காலையிலும் "இல்லண்ணே" என்றான்.

ஜீப் வளைந்து வளைந்து ஏறியது. முதலில் புல் நின்றது, அப்புறம் செடி எல்லாமே நின்றுவிட்டது. வெறும் கல்லும் மண்ணும், அதற்கு மேலே பனியும். மேலே போய் இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. கயிறுகளில் கட்டிய பிரார்த்தனைக் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. தம்பி நின்ற இடத்திலேயே ஒரு முறை சுற்றிப் பார்த்தான். நான்கு பக்கமும் எலும்பு தெரியும் மலைகள். அவன் இத்தனை வருடம் கேட்டது அப்படியே அங்கே இருந்தது.

"இங்க தூரமே தெரியலக்கா," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "எல்லாம் பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருக்கு."

அது உண்மைதான். எங்கள் ஊரில் மூடுபனிதான் ஒரு மலையை இன்னொரு மலையிலிருந்து பிரித்துக் காட்டும். அங்கே காற்றில் ஒன்றுமே இல்லை. எட்டாத தூரத்திலிருந்த சிகரமும் கையால் தொட்டுவிடலாம் போலத் தெரிந்தது. காற்றுக்கு முக்காலி நிற்கவில்லை. கேமராவைக் கையில் பிடித்தே அவன் எடுத்தான். பேட்டரி குளிரில் செத்துவிடாமல் இருக்க இன்னொன்றை நான் சட்டைக்குள் வைத்திருந்தேன். மாற்றலாமா என்று கேட்கப் பக்கத்தில் போனேன். அவன் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான்.

"மீதிய நீயே எடுக்கா. எனக்குப் போதும்."

ஏறும்போதும் உச்சியிலும் கேமரா அவனுடையது. அந்தச் சட்டத்தை அவன் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவன் வாயிலிருந்து "போதும்" என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அக்காவுக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று நினைத்தேன். அவன் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டான். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆசை தீர அந்த மலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு ஏரிக்கரைக் கூடாரத்தில் அன்று தங்கல். அவன் சூப்பு மட்டும் குடித்துவிட்டுச் சீக்கிரம் படுத்தான். களைப்பு என்றான். மறுநாள் காலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலில் போட்ட சப்பாத்தின் வாரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்படிக் கட்டுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. நான் குனிந்து கட்டிவிட்டேன். என் தலையில் கை வைத்து, "மிஷினுக்கு எண்ணெ ஊத்தியாச்சா?" என்று கேட்டான். எழுந்தவன் இரண்டடி வைப்பதற்குள் கூடாரத் துணியைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

அண்ணன் ஓடி வந்து, உயரத்தால் வரும் நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். ஆக்சிஜன் மாட்டினார்கள், ஜீப்பில் படுக்க வைத்தார்கள். உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஆனால் கீழே போகிற வழி அந்தக் கணவாய் வழியாகத்தான். இறங்குவதற்கு முதலில் ஏற வேண்டும். அவன் தலை என் மடியில் இருந்தது. இடையிடையே தலையைப் பிடித்துக்கொண்டு முனகினான். அம்மா என்றுதான் கூப்பிட்டான், என்னைத்தான் கூப்பிட்டான். நானும் "ம்" என்றேன். ஜீப் ஏறிக்கொண்டே இருந்தது. கொடிகள் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவன் மூச்சு நின்றுவிட்டது.

தூக்கத்தில் போகவில்லை. வலியோடு போனான். அதை அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வேன்?

அவன் உடலோடு ஊர் வந்து சேர்ந்தோம். ஈப்போ மயானத்தில் தகனம் நடந்தது. பதினாறும் முடிந்தது. பிறகு ஒரு நாள் அம்மா, "அவன் கடைசியா எடுத்த மலைய பெருசாக்கி மாட்டணும்," என்றார். அதுவரை நான் கேமராவைத் தொடவே இல்லை. அன்றுதான் அதில் இருந்ததை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன்.

கணவாயில் அவன் எடுத்த முதல் படம் ஒழுங்காக இருந்தது. இரண்டாவதில் மலைத்தொடர் இடது பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசிப் படத்தில் எல்லா மலைகளும் ஒரு பக்கமாக வழுக்கி விழுவது போலிருந்தன. அதற்கு அடுத்த படம் நான் எடுத்தது, நேராக நிற்கிறது. ஓடுகிற மோட்டாரில் உட்கார்ந்தபடி எடுத்தால்கூட அடிவானத்தைக் கோணலாக்காதவன் அவன். நான் கொஞ்சம் சாய்த்துவிட்டால் ஒரு வாரம் கேலி செய்வான். அவனுக்கு அந்தப் பாறை மேட்டில் நிற்கும்போதே தலை சுற்றியிருக்கிறது. உலகமே சாய்ந்திருக்கிறது. காலையில் "இல்லண்ணே" என்று சொன்னபோதே வலித்துக்கொண்டிருந்ததோ என்னவோ. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் என் தம்பி விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன், அம்மா அடுத்த அறையில் இருந்தார்.

அம்மாவுக்கு நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், தம்பி எடுத்தது என்று சொல்லி. அதே இடம், அதே மலை, நேரான மலை. அவனுடைய கடைசிப் படத்தைக் கையளவில் ஒன்று எனக்காகப் போட்டுக்கொண்டேன். பக்கத்து ஊர் தானா ராத்தாவில் படம் போட்டுத் தரும் சீனர், சரிந்திருக்கிறதே, நேராக்கித் தரட்டுமா என்று மலாய் மொழியில் கேட்டார். வேண்டாம் என்றேன். கெட்ட படத்துக்குக் காகிதம் வீண் என்பது போல் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, காசை வைத்துவிட்டுப் படத்தோடு வந்துவிட்டேன். அதை அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

துவைத்த துணியை மடித்து வைக்கிறேன் என்று போன அம்மாவின் கையில் அது அகப்பட்டது. நான் கடையிலிருந்து வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படத்தைக் கையில் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். மலை நேராக நிற்கும்வரை திருப்பினார். அப்போது காகிதம் கோணலாக நின்றது. விட்டார், மலை மறுபடியும் சரிந்தது.

"இது யாரு எடுத்தது?"

"தம்பி."

"அப்ப அது?" சுவரில் இருந்ததைக் காட்டினார்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "நான்மா," என்றேன்.

அம்மா சாய்ந்த மலைமேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். கேமராவைத் தொட்டும் பார்க்காதவர் அவர். ஆனால் அந்தப் படத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"காச்சலோட மேட்டுல நின்னு கொழுந்து எடுக்கும்போது தோட்டமே இப்டித்தான் சாயும்," என்றார். "ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவும். செடியப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். ஒங்க அப்பா செத்த வருசம் பூராவும் எனக்கு அப்டித்தான். யாருகிட்டயும் சொன்னதில்ல." பிறகு என்னைப் பார்த்தார். "வலிச்சிருக்குல்ல அவனுக்கு?"

"ஆமாம்மா."

"ரொம்பவா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அழுவார் என்று நினைத்தேன், அவர் அழவில்லை. "சொல்லிருக்கலாம்ல," என்றார், என்னிடம் இல்லை, படத்திடம். "எங்களப் பாத்தே வளந்துட்டான்." சமைத்தார், சாப்பிட்டோம், படுத்தோம்.

விடிந்ததும் எப்போதும் போலக் கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. தேநீர்க் கடை வேன் ஆபீஸ் பக்கம்தான் வரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கூடவே நடந்தேன். பெரட்டில் பாதிக்கு மேல் இப்போது வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளத்துப் பையன்களும்தான். தமிழ்ப் பெண்கள் ஒரு ஓரமாக நின்றிருந்தார்கள். கிராணி சின்ன வயசுக்காரர், ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அம்மாவின் பேர் வந்தது. பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்து இன்னொரு முறை கூப்பிட்டார்.

"எனக்கு முடியல," என்றார் அம்மா. எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார்.

"காச்சலாம்மா? கிளினிக்குக்குச் சீட்டு எழுதட்டுமா?"

"காச்சல் இல்ல தம்பி. எம்புள்ள போயிட்டான். தல வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டான். எனக்கு முடியல."

தம்பியோடு மிஷின் பிடித்த நேப்பாளத்துப் பையன் தொப்பியைக் கழற்றினான். கிராணி அடுத்த பேரைக் கூப்பிடவில்லை. அம்மா வரிசையிலிருந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்றார். "என்னால நடக்க முடியல."